கடைசிக் கொக்கியில் ஒரு பை

இயற்கை மையத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூச்சியக்கா. தெரு வைத்த பெயர் சைரன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைப் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பக் கொஞ்ச நாள் ஆகும். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு கரப்பான் மீசையை நீட்டினால் போதும், மாடி வீட்டிலிருந்து கிளம்புகிற அலறலில், கீழே இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்வார். எல்லாம் அனுபவம். முதல் தடவை அவர் தூக்கவில்லை. எதிர்வீட்டு வங்கிக்காரரின் சட்டைக் காலர் கருகியது.

இப்படிப்பட்டவளுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காத வாய் தெருவில் இல்லை. அதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். டாக்டர் வேறு ஊருக்குப் போனதும் மேஜையும் போயிற்று. மையத்தில் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். "பூச்சி, பாம்பு, வௌவால், இதுக்கெல்லாம் பயம் உண்டாம்மா?" என்று டைரக்டர் கேட்டாராம். "சேச்சே" என்றாளாம். வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவனுக்குச் சோறு புரையேறி, தலையில் தட்ட ஆள் தேவைப்பட்டது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி ஆழக் குழிக்குள் இடுப்பில் கயிறோடு தொங்குகிறவன். பயத்தைப் பற்றிப் பேசத் தனக்கு மட்டுமே தகுதி உண்டு என்ற நினைப்பு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. எறும்பு எப்படி வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் பஸ் டிரைவர்கூட ஜன்னலோரம் வந்து நின்றுவிடுவார். ஒன்றே ஒன்றுதான், எதையும் தொடமாட்டாள். கம்பளிப்பூச்சியை உள்ளங்கையில் ஏந்திய பிள்ளை, "நீங்களும் பிடிங்கக்கா" என்று நீட்டினால், "நானே பிடிச்சிட்டா உங்களுக்கு என்ன மிச்சம்?" என்று சிரித்தபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். என்ன பெருந்தன்மை என்று ஆசிரியைகள் நினைத்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருப்பது முன்னால் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

சின்ன வகுப்புகளுக்கென்று அங்கே 'தொட்டுக் கண்டுபிடி' என்று ஒரு விளையாட்டு உண்டு. பெரிய கூடத்தின் பின்சுவரில், பிள்ளைகளின் தோள் உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் வாய் திறந்த ஒரு நீலப் பை. பிள்ளை கையை உள்ளே விட்டு, பார்க்காமல், தடவி மட்டும் சொல்ல வேண்டும். இறகா, நத்தை ஓடா, காய்ந்த விதைக்கூடா, காலிக் குளவிக்கூடா, பாம்பு உரித்த சட்டையா. பயந்து கையை வெடுக்கென்று இழுத்தால் அவுட். இந்தக் கடைசி விதி பூச்சியக்காவே சேர்த்தது. ஊரான் பிள்ளைகளுக்குத் தைரியம் கற்றுக்கொடுப்பதில் அவள் கண்டிப்பானவள்.

பைகளை ஒவ்வொரு தடவையும் நிரப்புகிறவர் தோட்டக்காரர். இவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாம்புச் சட்டை எந்தப் பையில் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே கால் போகாது என்பது உண்மைக் காரணம். வெளியில் சொல்கிற காரணம் வேறு: "எனக்கே தெரியாது. உங்களோட சேர்ந்து நானும்தான் கண்டுபிடிக்கணும்." பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். டைரக்டருக்கு இன்னும் பிடித்துப்போய், மற்ற ஊழியர்களும் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நீலத் துணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் பழைய மேடைத்திரை ஒன்று கிழிந்துபோனபோது, டைரக்டர் அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் தையல்காரரிடம் கொடுத்துப் பைகளாக அடித்து வாங்கினார். கஞ்சன் என்று சொல்லக் கூடாது, சிக்கனக்காரர். பாதி பைகள் பிள்ளைகளுக்கு. பாதி பாம்புக்காரருக்கு. பாம்புக்காரர் என்றால் மகுடி ஊதுகிறவர் இல்லை. வீடு, கடைகளில் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுகிற மையத்து ஆள். பிடித்த பாம்பைத் துணிப்பையில் போட்டுத்தான் கொண்டுவருவார். துணியில் மூச்சுக் கிடைக்கும், இருட்டில் அது அடங்கிக் கிடக்கும். ஒரே துணி, ஒரே தையல். அவருடைய பை இன்னும் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தவறு நடந்துவிடக் கூடாது என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே உயிர் இருந்தால் பையின் கழுத்தில் சிவப்பு ரிப்பன். விஷமுள்ளது என்றால் ரிப்பனில் கறுப்பு மையால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பூச்சியக்காவுக்கு இதைத்தான் முதலில் காட்டினார். அவள் ஒரு வாரம் தன் வீட்டில் இருந்த சிவப்பு ரிப்பனையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தாள்.

அன்றைக்கு வந்தது அவள் மகளுடைய இரண்டாம் வகுப்பு. வியாழக்கிழமை வர வேண்டியவர்கள், பஸ் கிடைக்காது என்று செவ்வாயே வந்தார்கள்.

மகளுக்குத் தெருவில் பெயர் வக்கீல். 'ஏன்' என்று கேட்காமல் பல்கூடத் தேய்க்காது. முதல்நாள் மாலையே வீட்டில் ஒப்பந்தம் பேசி முடித்திருந்தார்கள்.

"அங்க வந்து அம்மான்னு கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் பூச்சியக்கா, உனக்கும் பூச்சியக்கா."

"சரி. கரப்பான் விஷயம்?"

"அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"விடலைன்னா எனக்கு என்ன?"

"ஐஸ்கிரீம்."

"ரெண்டு. ஒண்ணு சொல்லாததுக்கு, ஒண்ணு சிரிக்காததுக்கு."

வகுப்போடு வந்த ஆசிரியையைப் பிள்ளைகள் ஸ்கேல் மிஸ் என்பார்கள். அடிக்கிறதற்காக இல்லை, எதுவும் கோணலாக இருந்தால் அந்த அம்மாவுக்குத் தாங்காது. வரிசை கோணினால் நேராக்குவார். படம் கோணினால் நேராக்குவார். டைரக்டரின் அறை வாசலில் இருந்த கால்மிதியைக்கூட ஒரு மூலை பிடித்து இழுத்து நேராக்கிவிட்டுத்தான் வணக்கம் சொன்னார். டைரக்டர் உள்ளே இல்லை, ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வணக்கத்தைப் பூட்டிய கதவு வாங்கிக்கொண்டது.

மரத்தடியில் பூச்சியக்கா வழக்கம்போல மர விளையாட்டோடு தொடங்கினாள். அவள் இரண்டு கைகளையும் கிளைபோலத் தூக்கினால் எல்லோரும் அப்படியே மரமாகிவிட வேண்டும். பேச்சு, அசைவு எதுவும் கூடாது. பறவை வந்து உட்கார்ந்தாலும் சிரிக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஸ்கேல் மிஸ் கைப்பையை வைத்துவிட்டு வருகிறேன் என்று முன்னதாகக் கூடத்துக்குள் போனார். ஒரு சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் ஒரு சடை அவிழ்ந்து தொங்கியது. ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் அவிழ்ந்தும் இருந்தால் அவருக்கு அன்றைய பொழுது போகாது.

பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடி, பைகளுக்கு முன்னால் பிரிந்து நின்றார்கள். பூச்சியக்கா தன் வழக்கமான இடத்தில், எல்லாப் பைக்கும் எட்டடி தள்ளி நின்றுகொண்டாள். வரிசையைக் கண்ணால் ஓட்டியபோது ஏதோ உறுத்தியது. கடைசிக் கொக்கி எப்போதும் காலி. இன்றைக்கு அதிலும் ஒரு பை.

தோட்டக்காரர் புதிதாக ஏதோ போட்டிருக்கிறார் என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் உள்ளே என்ன என்று அவர் சொல்லிவிடுவார், அப்புறம் தூக்கம் போகும். கேட்கவில்லை.

"அய்யே, முடி!"

"முடி இல்லடா, இறகு."

"மிஸ், இவன் கையை எடுத்துட்டான், அவுட்."

"நான் சொறிஞ்சேன், மிஸ்."

கூடம் சந்தைக்கடைபோல இருந்தது. கடைசிப் பை லேசாக ஆடியதை அவள் பார்த்தாள். மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றவில்லை. பிள்ளைகள் இடித்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். உள்ளே பயம் குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அவளுக்கு அது தினமும் நடப்பது. ஓநாய் வருது என்று நாளெல்லாம் கத்துகிற பயத்தை யார் நம்புவார்கள்?

அப்போது அந்தச் சடைக்காரப் பெண் அவள் முன்னால் வந்து நின்று, நத்தை ஓட்டைக் காட்டி ஏதோ கேட்டது. குனிந்தாள். பெண்ணின் இரண்டு சடையும் இப்போது ஒழுங்காக இருந்தன. ஒன்றில் நீல ரிப்பன். மற்றதில் சிவப்பு ரிப்பன், பூப்போல அழகாக விரித்துக் கட்டியிருந்தது. பூவின் ஓர் இதழில் கறுப்பாக, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு புள்ளி.

காதுக்குள் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று.

"இந்த ரிப்பன் ஏது, கண்ணு?"

"மிஸ் கட்டிவிட்டாங்க."

"மிஸ்ஸுக்கு ஏது?"

"அந்தப் பையில கட்டியிருந்துச்சு. எல்லாப் பையும் தொறந்திருக்கு, இது மட்டும் மூடியிருக்குன்னு மிஸ் அவுத்தாங்க. முடிச்சு ரொம்ப கஷ்டம். ஹேர்ப்பின் வச்சு எடுத்தாங்க."

பூச்சியக்கா நிமிர்ந்தாள். கடைசிக் கொக்கிக்கு முன்னால் ஒரே ஒரு பிள்ளை. மற்றவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகக் கையை விடுவதுதான் புத்திசாலித்தனம் என்று காத்திருந்து, இப்போதுதான் முறை எடுத்துக்கொண்ட பிள்ளை. வக்கீல். வலது கை முழங்கை தாண்டி, தோள்வரை பைக்குள் போயிருந்தது. கன்னம் நீலத் துணியில் அழுந்தியிருந்தது.

"இதுல அடியே இல்ல, பூச்சியக்கா" என்றது.

அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. அது தெருவுக்கெல்லாம் பழக்கமான அலறல். தானாக வரும், கேட்டுக்கொண்டு வராது. வந்தால் மகள் திடுக்கிட்டுக் கையை இழுப்பாள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருப்பது என்ன செய்யும் என்று பாம்புக்காரர் சொல்லியிருக்கிறார். "சும்மா இருக்கிற வரைக்கும் அதுவும் சும்மா இருக்கும்மா. நாம அரண்டாத்தான் அது அரளும்." பூச்சியக்கா கீழுதட்டைப் பற்களால் கவ்விக்கொண்டாள். அந்த அலறலைக் கல்லை விழுங்குவதுபோல விழுங்கினாள். பிறகு இரண்டு கைகளையும் கிளைபோல மெதுவாகத் தூக்கினாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மரமானார்கள். ஒரு பையன் குளவிக்கூட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி மரமானான்.

"என்ன மேடம், நடுவுல மரம்?" என்றார் ஸ்கேல் மிஸ். "இன்னும் மூணு பேர் பாக்கி..."

"நீங்களும் மிஸ்."

"நானா?"

"நீங்களும் மரம். தயவுசெஞ்சு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஸ்கேல் மிஸ் கைப்பையோடு கையைத் தூக்கி நின்றுவிட்டார். அவருடைய கிளை கொஞ்சம் கோணல். முதல் தடவையாக அதை அவர் கவனிக்கவில்லை.

பூச்சியக்கா நடந்தாள். எட்டடிதான். மகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். பையின் அடிப்பகுதி கனத்துத் தொங்கியது. ஒரு பக்கம் மட்டும் உருண்டையாகப் புடைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புடைப்பு மெல்ல இடம் மாறியது.

"என்ன தெரியுது?" என்றாள். உதடு மட்டும் அசைந்த மாதிரி இருந்தது.

"விரல் நுனியிலதான் படுது. ஜில்லுன்னு இருக்கு. வழவழன்னு." வக்கீல் நெற்றியைச் சுருக்கியது. "ஹோஸ் பைப். ஆனா பைப்புன்னா நகராதே."

"அதைப் பிடிக்காத."

"பிடிச்சாதான தெரியும்."

"வேண்டாம். கையை எடு."

"பயந்து எடுத்தா அவுட்னு நீங்கதான சொன்னீங்க?" வக்கீலின் கண்ணில் கிண்டல். இந்த வழக்கில் ஜெயம் நிச்சயம் என்ற நினைப்பு. "எனக்குப் பயமே இல்ல. சில பேரு மாதிரி இல்ல நான்."

ரெண்டாவது ஐஸ்கிரீமுக்கு இப்படித்தான் பங்கம் வந்தது. வேறு நாளாக இருந்தால் அம்மா கண்ணை உருட்டியிருப்பாள்.

"இந்தப் பைக்கு ரூல் வேற" என்றாள் பூச்சியக்கா. "இதுல கண்டுபிடிக்க வேண்டாம். யாரு ரொம்ப ரொம்ப மெதுவா கையை வெளிய எடுக்கிறாங்களோ, அவங்கதான் ஜெயிப்பாங்க. தூங்குற நத்தை மாதிரி. துணிகூட அசையக் கூடாது."

"இப்பதான் ரூல் போடுவீங்களா? அது..."

அங்கேதான் வக்கீலின் வாய் நின்றது. அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டது. ஒரு கரப்பானுக்கு நாற்காலி மேல் ஏறுகிறவள், பல்லி விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி கத்துகிறவள், இப்போது சுவர்போல வெளுத்து, இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள். கத்தவில்லை. அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து பயத்துக்கு ஒரு சத்தம் உண்டு என்றுதான் தெரிந்து வைத்திருந்தது. சத்தமில்லாத பயத்தை அது பார்த்ததில்லை.

கிண்டல் கண்ணிலிருந்து இறங்கிப் போயிற்று.

"அம்மா" என்றது.

"இருக்கேன். என்னையே பாரு. நத்தை."

தோள் வெளியே வந்தது. மேற்கை வந்தது. புடைப்பு மறுபடி அசைந்தது. கை நின்றது. கையோடு பூச்சியக்காவின் மூச்சும் நின்றது. பையின் உள்ளிருந்து துணியை எதுவோ நக்குவதுபோல, தேய்ப்பதுபோல ஒரு சின்னச் சத்தம். அவளுக்கு அலறலும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. பல் டாக்டரிடம் வேலை பார்த்தபோது ஊசிக்குப் பிறகு மரத்த வாயோடு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உடம்பு முழுக்க மரத்திருந்தது. புடைப்பு அடங்கியது. "வா" என்றாள். முழங்கை, மணிக்கட்டு. கடைசியில் ஐந்து விரல். ஐந்தும் முழுசாக.

மகளைப் பின்னால் தள்ளக்கூட இல்லை, தோளால் ஒதுக்கினாள். பிறகு, எதையும் தொடாதவள், அந்தப் பையைத் தொட்டாள். பாம்புக்காரர் செய்வதை எட்டி நின்றே எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். பையின் வாய்க்குச் சற்றுக் கீழே இரண்டு கையாலும் துணியை இறுக்கிப் பிடித்து, முறுக்கி, முறுக்கி, இன்னும் முறுக்கினாள். கட்ட ஒன்றும் இல்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டைக் கயிற்றைத் தலைவழியே உருவி, சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கட்டியபின்னும் கை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரிக்க வேண்டியிருந்தது.

"மரமெல்லாம் அப்படியே நடந்து வெளிய போகுதாம்" என்றாள். "வேர் சத்தம் கேக்கக் கூடாது."

நடக்கிற மரத்தைக் கேள்விப்பட்டதுண்டா என்று பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கேல் மிஸ் கடைசியாகப் போனார். வாசலில் வைத்துத்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சடைக்காரப் பெண்ணின் ரிப்பனைப் பார்த்தார், தன் கொண்டையிலிருந்த ஹேர்ப்பின்னைத் தொட்டுப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வரிசை கோணிக்கொண்டு போவதை அன்றைக்கு யாரும் நேராக்கவில்லை.

பாம்புக்காரர் டீ குடித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். விடியற்காலையில் ஒரு பேக்கரி மாவறையில் பிடித்ததாம். பாம்பறைச் சாவி டைரக்டர் சட்டைப்பையில். வியாழன்வரை கூடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக் கடைசிக் கொக்கியில் மாட்டிவிட்டு, டைரக்டருக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். கூட்டத்தில் போன் ஊமையாகக் கிடந்தது. பையைப் பார்த்தவர் சீட்டியை நிறுத்தினார். பையின் கழுத்தில் பூச்சியக்காவின் புகைப்படம் சிரித்துக்கொண்டு தொங்கியது.

"ரிப்பன் எங்க? இதை யாரு கட்டினது?"

"நான்தாண்ணே."

"நீயா?" அவர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஜாதின்னு தெரியுமா இது?"

"சொல்லாதீங்க" என்றாள். "எப்பவுமே சொல்லாதீங்க."

சாயங்காலம் டைரக்டரிடம் அவளே போனாள். தேதி மாறியதைப் பாம்புக்காரரிடம் சொல்லாதது, சாவி, மிஸ், ரிப்பன் என்று அவர் ஆளாளுக்குப் பழியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள்.

"சார், நான் அந்தப் பைகளைத் தொடறதே இல்ல. பயம். எனக்கு எல்லாமே பயம். காலைல ஒரு தடவை கிட்ட போயிருந்தா, முடிச்சும் ரிப்பனும் கண்ல பட்டிருக்கும்."

டைரக்டர் பங்கு போடுவதை நிறுத்தினார். "பின்ன ஏம்மா சேச்சேன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வேலை வேணுமே சார்."

வேலை போகவில்லை. பாம்புப் பைகள் மஞ்சள் துணிக்கு மாறின. அந்தத் துணிக்கு டைரக்டர் சொந்தக் காசு கொடுத்தது மையத்தின் சரித்திரத்தில் முதல் தடவை. விளையாட்டுப் பைகளை இனி பூச்சியக்காவே நிரப்ப வேண்டும். தோட்டக்காரர் சொல்வது: கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ரெண்டு விரலால் பாம்புச் சட்டையை எடுத்துப் போடுகிறாளாம். ஆனால் போடுகிறாள்.

தெருவுக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. சைரன் ஒலிக்கவில்லை. நாள்கள் போயின. மாடி வீடு அமைதி. இஸ்திரிக்காரர் ஒரு தடவை வெறும் சந்தேகத்திலேயே பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கரப்பான் வராமலில்லை, வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள் என்று கணவன் கீழே வந்து சொன்னான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "ராத்திரி சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொன்னேங்க. திட்டக்கூட இல்ல. எனக்கே பயமா இருக்கு" என்றான், பத்து மாடிக் குழியில் தொங்குகிறவன்.

வக்கீல் அம்மாவின் முந்தானையை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா எந்த டப்பாவைத் திறந்தாலும் முதலில் அம்மா முகத்தைத்தான் பார்த்தது.

"ஏம்மா கத்த மாட்டேங்கற?"

"நல்லதுதான? நீதான சிரிப்ப."

"அன்னிக்கும் நீ கத்தல" என்றது. அதற்கு மேல் வாதாடவில்லை. ரெண்டு ஐஸ்கிரீமையும் கேட்கவில்லை என்பதிலிருந்தே எவ்வளவு பயந்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளை ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பூச்சியக்கா பரணிலிருந்து பழைய பாய் ஒன்றை இறக்கினாள். பாய்க்குள்ளிருந்து கட்டைவிரல் தண்டிக்கு ஒன்று பறந்து வந்து நேராக அவள் தோளில் உட்கார்ந்து, மீசையை ஆட்டியது.

மூன்று வீட்டுக்கு இல்லை, முக்குக் கடைவரை கேட்டது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கினார். எதிர்வீட்டு வங்கிக்காரர் ஜன்னலைத் திறந்தார். குளித்துக்கொண்டிருந்த கணவன் தலையில் சோப்போடு ஓடி வந்தான்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா" என்றது வக்கீல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது. "அம்மா கத்துறா."

பிறகு எழுந்து போய், நாற்காலி மேல் நின்றிருந்த அம்மாவின் தோளிலிருந்து கரப்பானைத் தட்டிவிட்டுவிட்டு, "ரெண்டு ஐஸ்கிரீம் பாக்கி இருக்கு" என்றது.